டிரம்மரின் கையில் இருக்கும் பிரஷ் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் அமெரிக்கக் கன்ட்ரி இசையைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஃபிடில் எனப்படும் வயலின், பெடல் ஸ்டீல் எனப்படும் படுக்கவைத்து வாசிக்கும் கிதார் ஆகியவற்றைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருந்த பகுதிகள் நன்றாக இருந்தன. ஆனால் டிரம்ஸுக்கு அவர் ஒதுக்கிய சில வரிகளில் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மேடையில் சத்தம் மிகுந்துவிட்டால் டிரம்மரின் கையிலிருக்கும் குச்சியை வாங்கி வைத்துவிட்டுக் கம்பித் துடைப்பம் போன்ற பிரஷ்ஷைக் கொடுத்துவிடுவார்கள் என்றும், துள்ளுகிற மாட்டுக்குப் போடும் மூக்கணாங்கயிறு போன்றது அது என்றும் அவர் எழுதியிருந்தார். கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகரில் பல ஆண்டுகளாக வசித்து, வார இறுதிகளில் ஐந்து பேர் கொண்ட ஒரு சிறிய கன்ட்ரி குழுவில் டிரம்ஸ் வாசித்து வருபவன் என்ற முறையில், அந்த வரி பாதி உண்மை என்பதையும், மறைந்துபோன மறுபாதிதான் இந்த இசைக்கு முக்கியமானது என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பிரஷ் சத்தத்தைக் குறைக்கிறது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. மரக்குச்சியின் நுனி சிறியது, கெட்டியானது. தோலின் ஒரே புள்ளியில் முழு விசையையும் ஒரு கணத்தில் இறக்கிவிட்டுத் துள்ளி எழுகிறது. பிரஷ்ஷில் இருப்பவை விசிறி போல விரியும் பல மெல்லிய கம்பிகள். அவை தோலின் மேல் பரவலாக, ஒன்றுக்கொன்று மிக நுண்ணிய கால இடைவெளியில் வந்து விழுகின்றன. விழும்போதே வளைந்து விசையின் ஒரு பகுதியைத் தாமே விழுங்கிக்கொள்கின்றன. அதனால் காதைக் குத்துகிற அந்த முதல் வெடிப்பு மழுங்கிவிடுகிறது. சிம்பல் எனப்படும் உலோகத் தட்டில் இந்த வேறுபாடு இன்னும் அதிகமாகத் தெரியும்: குச்சியால் தட்டினால் அறை முழுவதும் பரவி, பாடகரின் மைக்குக்குள்ளும் புகுந்துகொள்ளும் ஓசை, பிரஷ்ஷால் தட்டினால் மேடையின் விளிம்பைத் தாண்டுவதற்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் ஒலியைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் அதற்கு வேறு எத்தனையோ வழிகள் இருக்கின்றன. தோலின் மேல் துணியைப் போடலாம். ஒட்டும் களிமண் போன்ற பொருளை அப்பலாம். குச்சியையே மெதுவாகப் பிடித்து வாசிக்கலாம். இவற்றில் எதனாலும் தர முடியாத ஒன்றை பிரஷ் தருகிறது. அதைத் தோலிலிருந்து எடுக்காமலே தேய்க்க முடியும். டிரம்ஸில் அடித்த ஒலி அடித்த கணமே தேயத் தொடங்கிவிடும். அடிகளை வேகமாக அடுக்கி உருட்டுவதைத் தவிர, அதை நீட்டிப் பிடிக்க டிரம்மருக்கு வேறு வழி அநேகமாக இல்லை. டிரம்மரின் முன்னால் இருக்கும், அடியில் கம்பிச்சுருள் கட்டிய ஸ்நேர் என்ற சிறு டிரம்மின், சொரசொரப்பான வெள்ளைப் பூச்சு உள்ள தோலின் மேல் இடக்கை பிரஷ் வட்டமாகச் சுழலும்போது எழும் அந்த 'ஸ்ஸ்' என்ற மூச்சு, ஃபிடிலின் வில் இழுப்பைப் போல நீளக்கூடியது. பூச்சு இல்லாத வழவழப்பான தோலில் இது எடுபடாது. பிரஷ் வாங்கி வந்து ஓசை வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் பலரும் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் ஸ்நேரின் தோலைத்தான்.

இந்த ஒலி கன்ட்ரி இசைக்குள் எப்படி வந்து பொருந்தியது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கே 1925-இல் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கிய கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் டிரம்ஸுக்கு நெடுங்காலம் வரவேற்பு இல்லை. ஃபிடில், பாஞ்சோ, கிதார் ஆகியவற்றின் வீட்டுக்குள் டிரம்ஸ் என்பது நடனக்கூடங்களிலிருந்து வந்த அந்நியனாகவே பார்க்கப்பட்டது. டெக்ஸஸ், ஓக்லஹோமா பக்கத்து நடனக்கூடங்களில் வளர்ந்த குழுத்தலைவர் பாப் வில்ஸ், 1935 முதலே ஸ்மோக்கி டேக்கஸ் என்ற டிரம்மரைத் தம் குழுவில் வைத்திருந்தார். வில்ஸ் 1944 டிசம்பரில் டிரம்ஸோடு ஆப்ரி மேடையேற வந்தபோது, அதைத் திரைக்குப் பின்னால் வைப்பதா முன்னால் வைப்பதா என்று எழுந்த தகராறு இன்றும் இந்த ஊரில் கதையாகச் சொல்லப்படுகிறது. பின்னாளில் டிரம்ஸ் மெல்ல உள்ளே அனுமதிக்கப்பட்டபோதும் முழு செட் உடனே வந்துவிடவில்லை. ஒற்றை ஸ்நேரும் ஒரு ஜோடி பிரஷ்ஷுமாகத்தான் அது அந்த மேடையில் கால் வைத்தது. கட்டுரையாளரின் மூக்கணாங்கயிறு உவமை இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கயிற்றுக்கு முன்னரே இன்னொன்று நடந்திருந்தது. டிரம்ஸ் இல்லாத அந்தக் குழுக்களில் தாளம் இல்லாமல் இருக்கவில்லை. பாஸ் கலைஞர் தம் தந்திகளை இழுத்து அறைந்து முதல் அடியைக் கொடுத்தார். கிதார் கலைஞர் தந்திகளைத் துடைத்தாற்போல மீட்டி எதிரடியை, அதாவது முதல் அடிகளுக்கு இடையில் விழும் அடியை, நிரப்பினார். கன்ட்ரியின் ஒரு கிளையான புளூகிராஸ் குழுக்களில் மாண்டலின் கலைஞர் தந்திகளை அமுக்கி 'சக்' என்று வெட்டினார். அதாவது ஸ்நேர் உட்கார வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஓர் உலோகத் தந்தியின் உரசல் உட்கார்ந்திருந்தது. இதற்கு என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த சான்று பாடகர் ஜானி கேஷ். 1950-களின் நடுவில் மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டுடியோவில் அவர் பதிவுசெய்தபோது அவருடன் லூதர் பெர்கின்ஸின் எலெக்ட்ரிக் கிதாரும் மார்ஷல் கிராண்டின் பாஸும் மட்டுமே இருந்தன, டிரம்மர் இல்லை. கேஷ் தம் கிதாரின் தந்திகளுக்கிடையே ஒரு காகிதத்தைச் செருகிக்கொண்டு மீட்டினார். அந்தக் காகிதச் சலசலப்பு ஸ்நேரைப் பிரஷ்ஷால் வாசித்தது போலவே ஒலித்தது. சத்தம் அதிகமாகிவிட்டது என்று யாரும் குறைக்கச் சொல்லாத இடத்தில், டிரம்ஸே இல்லாத இடத்தில், ஒரு பாடகர் அந்த ஒலியைக் காகிதத்தைக்கொண்டு தேடிப்போய் உண்டாக்கினார் என்றால், அது கட்டுப்படுத்தப்பட்ட டிரம்ஸின் ஒலியாக எப்படி இருக்க முடியும்? இந்த இசை விரும்பிக் கேட்ட ஒலி அது.

பிரஷ்ஷே கூட டிரம்ஸுக்காகப் பிறந்தது இல்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லலாம். கைப்பிடிக்குள் உள்ளிழுத்துக்கொள்ளக்கூடிய கம்பிகளைக் கொண்ட அந்த அமைப்புக்கு 1912-இல் அமெரிக்காவில் காப்புரிமை கேட்டவர்கள், அதை ஈ அடிக்கும் கருவியாகவே விண்ணப்பித்தார்கள். டிரம்மர்கள் அதை எடுத்துத் தோலின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்; ஜாஸ் கலைஞர்கள் அதை ஒரு கலையாக வளர்த்தார்கள்; அங்கிருந்து நாஷ்வில் ஸ்டுடியோக்களுக்கு வந்தது.

அந்த ஸ்டுடியோக்களைப் பற்றிப் பேசினால் பட்டி ஹார்மன் என்ற பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. 1928-இல் இதே நாஷ்வில்லில் பிறந்து, 2008-இல் மறைந்த அவர் ஆயிரக்கணக்கான பதிவுகளில் வாசித்தவர். ஆப்ரி தனக்கென்று நிலையாக வைத்துக்கொண்ட முதல் டிரம்மரும் அவரே. வில்லி நெல்சன் எழுதி, பேட்ஸி கிளைன் 1961-இல் பாடிய 'கிரேஸி' பாடலில் டிரம்ஸ் அவருடையது. தங்கள் வாசகர்களில் பலர் அந்தப் பாடலைக் கேட்டிருப்பார்கள், ஆனால் அதில் டிரம்ஸ் இருப்பதைக் கவனித்திருப்பவர்கள் சிலரே. இன்னொரு முறை கேட்கும்போது பாடகியின் குரலை விட்டுவிட்டு அதற்கு அடியில் போகும் பிரஷ்ஷை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அவர் எங்கேயும் ஒலியைக் கூட்டித் தம் இருப்பைக் காட்டவில்லை. ஆனால் அந்தப் பிரஷ்ஷை எடுத்துவிட்டால் குரலுக்குக் காலடியில் தரை இருக்காது. குரல் சற்றே பின்தங்கித் தயங்கி வருகிற ஒவ்வொரு இடத்திலும் அந்தத் தயக்கம் அழகாகத் தெரிவதற்குக் காரணம், கீழே ஒருவர் அசையாமல் காலம் காட்டிக்கொண்டிருப்பதுதான். ஊரில் சிறுவயதில் மிருதங்கம் கற்றபோது என் ஆசிரியர் 'அடக்கி வாசி' என்று அடிக்கடி சொல்வார். அதை நான் தண்டனையாக எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் எதைச் சொன்னார் என்பது இந்தப் பாடலைப் பிரஷ்ஷோடு வாசிக்க முயன்றபோதுதான் எனக்கு விளங்கியது.

வில்லி நெல்சனின் குழுவில் 1966 முதல் 2020-இல் மறையும் வரை டிரம்ஸ் வாசித்த பால் இங்கிலிஷ் இன்னொரு பாடம். அவர் பிற்காலத்தில் பெரிய அரங்குகளில்கூட ஒரே ஒரு ஸ்நேரையும் பிரஷ்களையும் கொண்டு அந்தக் குழுவை நடத்திச் சென்றார். ஆயிரக்கணக்கானோர் கூடும் அரங்கில் ஒலியைக் குறைக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. நெல்சன் பழைய நைலான் தந்திக் கிதாரோடு, தாளத்தை முன்னும் பின்னுமாக இழுத்து, பேசுவது போலப் பாடுகிறவர். அந்தப் பாட்டைச் சுற்றி இடம் விட்டு நிற்பதற்கு அந்த ஒலிதான் பொருத்தம் என்பதே காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

இனி பிரஷ் எளிது என்ற எண்ணத்தைப் பற்றி. கட்டுரை அப்படி நேராகச் சொல்லவில்லை என்றாலும், குச்சியை வாங்கிக்கொண்டு பிரஷ்ஷைக் கொடுப்பது என்ற பேச்சிலேயே அது அடங்கியிருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் குழு தொடங்கிய புதிதில் முப்பது, நாற்பது பேர் மட்டுமே அமரக்கூடிய ஒரு சிறிய உணவகத்தில் வாசித்தோம். முதல் இடைவேளையிலேயே எங்கள் பாடகி, என்னைவிட வயதில் மூத்தவர், தமக்குத் தம் குரலே கேட்கவில்லை என்று மிக அமைதியாகச் சொன்னார். அவமானமாக இருந்தது. மறுநாள் ஒரு ஜோடி பிரஷ் வாங்கினேன். அடுத்த நிகழ்ச்சியில் சத்தம் குறைந்தது உண்மைதான். ஆனால் அதோடு தாளமும் தளர்ந்துபோயிற்று. ஒவ்வொரு பாட்டும் தொடங்கிய வேகத்தைவிட மெதுவாக முடிந்தது. பாஸ் வாசிப்பவர் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காரணம் எளியது. குச்சி தோலில் பட்டவுடன் தானாகத் துள்ளி எழும். அடுத்த அடிக்கு வேண்டிய உழைப்பில் பாதியைத் தோலே செய்துவிடும். பிரஷ்ஷுக்கு அந்தத் துள்ளல் மிகக் குறைவு. ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டுத்தான் தூக்கியாக வேண்டும். குச்சியில் வருடக்கணக்கில் பழகிய கை, வராத துள்ளலுக்காக ஒரு நொடியின் சிறு துணுக்கு காத்திருக்கிறது; அந்தக் காத்திருப்பு ஒவ்வொரு அடியிலும் சேர்ந்து பாட்டைப் பின்னுக்கு இழுக்கிறது. இதைச் சரிசெய்ய எனக்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இந்த ஊரில் பல பத்தாண்டுகள் வாசித்த ஒரு முதியவர் எனக்குக் கற்பித்த முதல் பயிற்சியில் அடியே கிடையாது: ஒரு பாட்டு முழுவதும் பிரஷ்ஷைத் தோலிலிருந்து எடுக்காமல் வட்டம் போட வேண்டும், ஒவ்வொரு வட்டமும் மிகச் சரியாக ஒரே இடத்தில் முடிய வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்து முடிப்பதற்குள் கை வலித்தது.

கன்ட்ரி இசையில் பிரஷ்ஷின் வேலை ஜாஸில் இருப்பதிலிருந்து வேறுபட்டது என்பதையும் அவர்தான் காட்டினார். ஜாஸில் தேய்ப்பு முதன்மை. இங்கே பெரும்பாலும் தட்டுதலே முதன்மை, தேய்ப்பு மெதுவான பாட்டுகளுக்கும் வால்ட்ஸ் என்ற மூன்றடித் தாளத்துக்கும். ரயில் தாளம் என்று இங்கே அழைக்கப்படும் 'டிரெயின் பீட்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வலம் இடம், வலம் இடம் என்று இரு கைகளும் ஸ்நேரின் மேல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்க, ஒவ்வொரு அடியின் நடுவிலும் ஓர் அழுத்தம் விழும்; கால் பாஸ் டிரம்மில் அடியைச் சொல்லும். அழுத்தம் இல்லாத அந்தச் சிறு தட்டல்கள் கேட்டும் கேட்காமலும் இருக்க வேண்டும். அழுத்தம் மட்டும் தண்டவாள இணைப்பைக் கடக்கும் சக்கரம் போலத் தனித்துத் தெரிய வேண்டும். குச்சியால் வாசிக்கும்போது இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் காப்பாற்றுவது கடினம். சிறு தட்டல்களும் பெரிதாகிவிடும். பிரஷ்ஷில் அந்தத் தூரம் இயல்பாகவே கிடைக்கிறது. மெதுவான பாட்டுகளில் வலக்கையில் பிரஷ்ஷும் இடக்கையில் குச்சியுமாக வாசிக்கும் வழக்கமும் இங்கே உண்டு: பிரஷ் தோலில் ஓட, குச்சி ஸ்நேரின் குறுக்கே படுத்து விளிம்பில் 'டக்' என்று எதிரடியைக் கொடுக்கும். ஒலியைக் குறைப்பது மட்டுமே நோக்கம் என்றால் ஒரு கையில் குச்சியை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

குச்சியை விட்டுப் பிரஷ்ஷுக்கு மாறினாலே மேடை அமைதியாகிவிடும் என்று நம்புவதும் தவறு. கை அடங்கினாலும் கால் அடங்குவதில்லை. பாஸ் டிரம்மைப் பழைய பலத்தோடு மிதித்தால், முன்பு ஸ்நேரோடு சேர்ந்து ஒலித்தது இப்போது தனியாக இடிக்கும். உள்ளே ஒரு போர்வையை வைத்து, மென்மையான கம்பளிச் சுத்தியலால் மிதிக்கப் பழக வேண்டும். அதைவிட முக்கியமானது கிதார் ஆம்ப்ளிஃபயர். டிரம்மர் பிரஷ்ஷை எடுத்த பிறகும் கிதார் கலைஞர் தம் ஆம்ப்பைக் குறைக்கவில்லை என்றால், டிரம்மர் தாம் கேட்கப்படுவதற்காகப் பிரஷ்ஷையே ஓங்கி அடிக்கத் தொடங்குவார். அப்போது கம்பிகள் வளைந்து கோணும், மணிக்கட்டு நோகும், ஒலியோ வெறும் அறையாக இருக்கும். எங்கள் குழுவில் இதற்குத் தீர்வு கிடைத்தது ஒரு முக்காலியால். தரையில் இருந்த ஆம்ப், வாசிப்பவரின் முழங்காலுக்குக் கீழே ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது. முன்வரிசைக்காரர்களுக்குக் காது அடைத்தது, அவருக்கோ கேட்கவில்லை. அதை முக்காலியின் மேல் ஏற்றி அவர் காதை நோக்கிச் சாய்த்து வைத்த அன்றே அவர் தாமாக ஒலியைக் குறைத்துக்கொண்டார்.

இது ரசனை பற்றிய பேச்சு மட்டும் இல்லை என்பதால் ஒரு கணக்கையும் சொல்கிறேன். அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்குப்படி 100 டெசிபலில் 15 நிமிடம் இருந்தாலே அன்றைய அளவு தீர்ந்துவிடுகிறது. நாஷ்வில்லின் பிராட்வே தெருவில் இருக்கும் இசை மதுக்கூடங்களில் ஒரு குழுவின் வேலைநேரம் பொதுவாக நான்கு மணி நேரம். நான்கு மணி நேரத்துக்குப் பாதுகாப்பான அளவு 88 டெசிபல். நெருக்கமான அறையில் குச்சியோடு வாசிக்கப்படும் முழு டிரம்ஸ் செட் அதை எளிதாகத் தாண்டிவிடும். என்னோடு வாசிப்பவர்களில் இருவருக்குக் காதில் ஓயாத ரீங்காரம் இருக்கிறது. இருவரும் ஐம்பதைத் தாண்டாதவர்கள்.

பிரஷ்ஷுக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இன்றைய கன்ட்ரி இசையில் ராக் பக்கம் சாய்ந்த பகுதி பெரியது. அங்கே குச்சியின் கனத்த எதிரடி இல்லாமல் பாட்டு நிற்காது. பிராட்வேயில் மூன்று தளங்களில் மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் முழங்கும் கட்டடங்களில் நான் பிரஷ்ஷை எடுப்பதில்லை. மெல்லிய மரச்சிம்புகளைக் கட்டாகக் கட்டிய 'ராட்' குச்சிகள் இடைப்பட்ட இடத்துக்கு உதவுகின்றன. ஆனால் அவற்றால் தேய்க்க முடியாது என்பதால் பிரஷ்ஷுக்கு ஈடாக அவற்றை நான் எண்ணுவதில்லை. பிளாஸ்டிக் இழைப் பிரஷ்கள் நெடுநாள் உழைக்கும், சத்தமும் சற்றுக் கூடுதல். கம்பிப் பிரஷ்ஷின் அந்த மணல் போன்ற உரசல் அவற்றில் முழுமையாக வருவதில்லை.

இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் இங்கேயும் எனக்குத் தெரிந்த தேவாலயங்களில் டிரம்ஸ் வாசிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலர். சத்தம் பொறுக்க முடியவில்லை என்ற புகார் வந்ததும் அவர்களைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு எழுப்பப்படுகிறது; சிம்பலின் கூர்மை முழுவதும் அந்தத் தடுப்பில் மோதி உள்ளே இருக்கும் பிள்ளையின் காதுக்கே திரும்புகிறது. அல்லது யாரோ ஒருவர் பிரஷ்ஷை வாங்கிக் கொடுத்து, நாளை முதல் இதில் வாசி என்கிறார். அந்தப் பிள்ளை தங்கள் கட்டுரையைப் படித்திருந்தால், தன் கையிலிருந்து ஏதோ பறிக்கப்பட்டது என்றே எண்ணும். அதனிடம் கொடுக்கப்பட்டிருப்பது கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தனி வாத்தியம் என்பதையும், அதற்குச் சில மாதங்கள் அவகாசம் வேண்டும் என்பதையும், அந்த மாதங்களில் கீபோர்டும் கிதாரும் சேர்ந்து குறைந்தால்தான் அது எடுபடும் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

கட்டுரையாளர் இத்தொடரின் அடுத்த பகுதியில் நாஷ்வில் ஸ்டுடியோக்களைப் பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறார். பட்டி ஹார்மனின் வாசிப்பைப் பற்றி அதில் ஒரு பத்தியாவது இடம்பெறச் செய்யுமாறும், மூக்கணாங்கயிறு என்று எழுதிய வரியை அப்போது திருத்திக்கொள்ளுமாறும் தங்களையும் அவரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
நாஷ்வில், டென்னஸி